மொபைல் ஹோமை இடம் மாற்ற எவ்வளவு ஆகும்?

அமெரிக்காவில் மொபைல் ஹோமை (தொழிற்சாலையில் கட்டி, சக்கரத்தில் இழுத்து வந்து நிறுத்தும் வீடு) நகர்த்த விலை கேட்கும் முன், அது நகர்த்தத் தகுந்ததா என்று பாருங்கள். வெளிச்சுவரில் சிவப்பு உலோகத் தகடு இருந்தால், 1976 ஜூன் 15-இல் வந்த மத்திய அரசு விதிப்படி கட்டியது. அதற்கு முந்தைய வீடுகளை, இவ்வகை வீடுகளை நிறுத்த இடம் வாடகைக்கு விடும் பல பார்க்குகள் சேர்ப்பதில்லை. சமையலறை அலமாரிக்குள்ளோ மின்பெட்டி அருகிலோ ஒட்டிய தாளில் காற்று மண்டல எண் இருக்கும்; எவ்வளவு பலமான காற்றடிக்கும் பகுதிக்காக வீடு கட்டப்பட்டது என்பதை அது சொல்லும், எண் கூடினால் காற்றும் பலம். மண்டலம் 1-க்கான வீட்டை மண்டலம் 2, 3-இல் நிறுத்த முடியாது. புயல் காற்று பலமாக வீசும் புளோரிடாவுக்குப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பிறகு அகலம், கூரை விளிம்போடு சேர்த்து அளக்கவும். எட்டரை அடி தாண்டினால், கடக்கும் ஒவ்வொரு மாநிலத்திலும் தனி பெர்மிட் வேண்டும். பாதையைப் பொறுத்து துணைக்கு வண்டியும். டபுள்-வைடு (இரண்டு பாதிகளை இணைத்த அகல வீடு) என்றால் இரண்டு லாரி. பிரிப்பது, திறந்த பக்கத்தை மூடுவது, மறுபடி இணைப்பது எல்லாம் தனிக் கூலி.

டார்ச்சோடு அடியில் குனிந்து பாருங்கள். அச்சு, சக்கரம், இழுவைக் கொக்கி ஆகியவற்றைப் பலர் கழற்றி விற்றிருப்பார்கள். இருக்கும் டயரும் வெடித்துப்போயிருக்கும். போட்டோ எடுத்து அனுப்பாமல் வாங்கும் மதிப்பீடு வெறும் பேச்சு.

“இழுத்துச் செல்ல மட்டும்” என்ற விலையில் மயங்க வேண்டாம். தண்ணீர், கேஸ், மின்சாரம், கழிவுநீர் இணைப்புகளைத் துண்டிப்பது, புதிய இடத்தில் தாங்குகட்டை, நங்கூரப் பட்டை, மட்டம் பார்த்தல், மறு இணைப்பு, ஆய்வுக் கட்டணம் அதில் வராது. சொத்துவரி பாக்கியையும் சேருங்கள். அதைத் தீர்க்காமல் பல மாநிலங்களில் பெர்மிட் கிடைக்காது.