கோர வீடியோவைச் சரிபார்க்கும் முன் ஒலியை நிறுத்துங்கள்

செய்தி டெஸ்க்கில் வன்முறை வீடியோக்களைச் சரிபார்க்கிறவர்களில் பலரை உலுக்குவது ரத்தமல்ல, ஓசை. ஒரு அலறல், இறந்தவரின் சட்டைப்பையில் விடாமல் ஒலிக்கும் செல்போன். கண்ணைத் திருப்பிக்கொள்ளலாம், ஹெட்ஃபோன் மாட்டிய காதைத் திருப்ப முடியாது. அதனால் கிளிப்பைத் திறக்கும் முன்பே கணினியின் ஒலியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோங்கள். பேசும் மொழி, வட்டார வழக்கு, துப்பாக்கிச் சத்தம் போன்றவற்றைச் சரிபார்க்கவேண்டிய கட்டம் வந்தால் மட்டும் ஒலியைத் திறந்து, தேவையான சில விநாடிகளை மட்டும் கேளுங்கள். அப்போது படத்தை மூடிவிடலாம்.

அடுத்த எதிரி எதிர்பாராமை. சமூக வலைத்தளங்களில் வீடியோ தானாக ஓடும் வசதியையும், வாட்ஸ்அப்பில் படங்கள் தானாகத் தரவிறங்குவதையும் நிறுத்திவையுங்கள். இல்லாவிட்டால் பிள்ளையின் பிறந்தநாள் படத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சடலம் கேலரியில் வந்து உட்கார்ந்திருக்கும். டெஸ்க் குழுவில் பகிரும்போது படத்தை நேராக ஒட்டாமல், "எச்சரிக்கை: 0:14-இல் துண்டான கை, 0:31 முதல் அழுகுரல்" என்று எழுதி, இணைப்பை மட்டும் அனுப்புங்கள். வெறும் "கோரமானது" என்ற எச்சரிக்கையால் பயன் குறைவு. எங்கே, என்ன வரப்போகிறது என்று தெரிந்தால்தான் மனம் தயாராகும்.

பார்க்கும் முறை இது. பிளேயர் சாளரத்தைத் திரையின் கால்வாசிக்குச் சுருக்குங்கள். இயக்காமல், கீழேயுள்ள நேரக்கோட்டில் சுட்டியை நகர்த்தி, மோசமான பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நிறம் தேவைப்படாத வேலையானால் திரையைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றலாம். காட்சியின் கடுமை அதிலேயே குறையும். பிறகு சடலம் இருக்கும் பகுதியின் மேல் ஒரு ஒட்டுத்தாளை ஒட்டுங்கள். ஆமாம், திரையின் மேலேயே. சிரிப்பாகத் தோன்றும், ஆனால் வேலை செய்யும்.

ஏனென்றால் உங்களுக்கு வேண்டிய தடயம் பெரும்பாலும் உடலில் இல்லை. கடைப் பலகையின் எழுத்து, வண்டியின் எண், நிழல் விழும் திசை, பின்னால் தெரியும் மலைமுகடு, மின்கம்பத்தின் வடிவம். வி.எல்.சி. பிளேயரில் ஆங்கில 'E' விசையை அழுத்தினால் வீடியோ ஒவ்வொரு சட்டகமாக (ஃப்ரேம்) நகரும். பலகை தெளிவாகத் தெரியும் சட்டகத்தை எடுத்து, தடயத்தை மட்டும் வெட்டிச் சேமித்து, இனி அந்தத் துண்டை வைத்தே வேலை செய்யுங்கள். அசல் கோப்பைத் தொடாமல் தனி ஃபோல்டரில் வையுங்கள். கோப்புப் பெயரின் தொடக்கத்தில் 'கோரம்' என்று சேர்த்து, விநாடிவாரியான குறிப்பையும் அதோடு வைத்தால், அடுத்த ஷிஃப்ட்காரர் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்கவேண்டியதில்லை. ஒரே கிளிப்பை ஐந்து பேர் ஐந்து முறை பார்ப்பதுதான் டெஸ்க்குகளில் நடக்கும் பெரிய வீண் சேதம்.

எவ்வளவு நேரம் பார்க்கலாம்? 2014-இல் கனடா மனநல மருத்துவர் ஆந்தனி ஃபைன்ஸ்டைனின் குழு 116 பத்திரிகையாளர்களிடம் நடத்திய ஆய்வில், பார்த்த மணிநேரத்தைவிட எவ்வளவு அடிக்கடி பார்த்தார்கள் என்பதே மனப் பாதிப்போடு கூடுதலாகத் தொடர்புபட்டிருந்தது. அதனால் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்ப்பதை விட்டு, ஒரே வேளையில் முடித்து மூடிவிடுங்கள். நடுநடுவே எழுந்து தூரத்தில் உள்ள எதையாவது பாருங்கள். தூங்கும் முன் கடைசி வேலையாக இதை வைக்காதீர்கள்; படுக்கையறையில் பார்க்கவே வேண்டாம்.

எல்லோரையும் எல்லாமும் ஒரேமாதிரி தாக்காது. நூறு சடலங்களைச் சலனமில்லாமல் பார்த்தவர், தன் மகள் போடுவதைப் போன்ற ஒரு செருப்பைப் பார்த்து உடைந்துபோவார். அப்படி ஒரு கிளிப் வந்தால், காரணம் சொல்லாமலே இன்னொருவரிடம் கைமாற்றும் உரிமை டெஸ்க்கில் இருக்கவேண்டும். இதை எடிட்டர் வாய்விட்டுச் சொல்லிவைக்கவேண்டும். சொல்லாத உரிமையை ஜூனியர்கள் ஒருநாளும் பயன்படுத்தமாட்டார்கள்.

செய்தியை எழுதும்போதும் இதே கணக்குதான். நீங்கள் பார்த்த அத்தனையையும் வாசகர் பார்க்கவேண்டியதில்லை. காயத்தை வர்ணிக்கும் மூன்று வாக்கியங்களைவிட, பாதி மூடிய புத்தகப்பை என்ற ஒரு விவரம் நடந்ததை அழுத்தமாகச் சொல்லும். சந்தேகம் வந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: இறந்தவரின் தாய் இதை வாசித்தால், இந்த வரி இருந்தே ஆகவேண்டுமா? யார் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்பதை நிறுவும் வரியானால் இருக்கட்டும். வெறும் அதிர்ச்சிக்கானால் வெட்டுங்கள்.

பார்த்த சில நாட்களுக்குத் தூக்கம் கெடுவதும், காட்சி திரும்பத் திரும்ப வருவதும், சின்ன விஷயத்துக்கு எரிந்துவிழுவதும் இயல்பு. இவை ஒரு மாதத்தைத் தாண்டினாலும், குடித்தால்தான் தூக்கம் வரும் என்ற நிலை வந்தாலும் மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரை விடலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் ஒருநாள்கூடக் காத்திருக்காதீர்கள். "களத்துக்கே போகாதவருக்கு என்ன பாதிப்பு?" என்று அலுவலகம் கேட்டால் பதில் இருக்கிறது: அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோயறிதல் கையேடு, வேலைக்காகத் திரையில் கொடூரங்களை மீண்டும் மீண்டும் பார்ப்பதையும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயை உண்டாக்கக்கூடிய அனுபவங்களில் சேர்த்திருக்கிறது. விடுப்புக் கடிதத்தோடு அதையும் இணைத்துக் கொடுங்கள்.