ஆடியில் கடைந்த கப்பு: மர ஹெட்போன் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாசியில் ஒரு தம்பி பட்டறைக்கு வந்தான். கடையநல்லூர்க்காரன், சென்னையில் வேலை. பையிலிருந்து, ஹெட்போனில் காதை மூடும் தேக்குக் கப்பு ஒரு ஜோடியை எடுத்து மேசையில் வைத்தான். கடைசல் அழகாக இருந்தது, மெலமைன் பூச்சு கண்ணாடி மாதிரி மின்னியது. இடது கப்பில் மட்டும், கப்பைத் தலைப்பட்டையோடு பிடிக்கும் கவட்டையின் திருகு ஏறும் துளையிலிருந்து விளிம்பு வரை முடி அகலத்தில் ஒரு வெடிப்பு.

"கீழே போடவே இல்லண்ணே. தானா விட்டுருச்சு."

"ஆடியில கடைஞ்சதா?"

"ஆமாண்ணே, எப்படித் தெரியும்?"

தெரியாமல் எப்படி இருக்கும்? 2016 ஆடியில் நானும் இதையே செய்து ஆறு ஜோடி கப்பைத் தொலைத்தேன். அவனோடு சேர்த்து இந்த ஒரு வருடத்தில் அதே வெடிப்போடு வந்தவர்கள் நான்கு பேர். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். உளியைத் தீட்டு, அளவை இருமுறை பார், கண்ணாடி போட்டுக்கொண்டு லேத்தில் நில் என்பதெல்லாம் யாரும் சொல்லித்தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

'காய்ந்த மரம்' என்றதும் நம்பிவிடுவது

எங்கள் ஊர் செங்கோட்டை. 1956 நவம்பர் வரை கேரளப் பக்கத்தோடு இருந்த ஊர். இன்றைக்கும் மரமில்லில் பாதிப் பேச்சு அந்தப் பக்கத்துச் சொல்தான். "நல்லா உணங்கின தடி அண்ணாச்சி, அஞ்சு வருஷமா கிடக்கு" என்பார்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் பொய் இல்லை. மரம் ஐந்து வருடம் கிடந்திருக்கும். எங்கே கிடந்தது என்பதுதான் கேள்வி.

ஆனியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் இறங்க ஆரம்பித்தால் ஆவணி வரை இங்கே எதுவும் காயாது. உப்பு ஜாடி நீர் விடும், தீப்பெட்டி உரசினால் பற்றாது. மரமும் அந்தக் காற்றைத்தான் குடிக்கிறது. ஒருமுறை காய்ந்துவிட்ட மரம் அப்படியே இருந்துவிடாது, சுற்றியுள்ள ஈரத்துக்குத் தக்கபடி ஏறும், இறங்கும். காற்றில் ஈரப்பதம் 85 சதவீதம் என்றால், போதிய நாள் கிடந்த மரத்தில் ஈரம் 18 சதவீதம் வரை போகும். 50 சதவீத ஈரப்பதம் உள்ள ஏசி அறையில் அதே மரம் 9 சதவீதத்துக்கு வந்து நிற்கும்.

இது ஹெட்போனுக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? மரம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது. தேக்கு, ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. நீளவாக்கில் சுருக்கமே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு கப்பு, தறியின் வெட்டு முகத்தில் (தண்டைக் குறுக்கே அறுத்த முகத்தில்) கடைந்தது, 16 சதவீத ஈரத்திலிருந்து 10க்கு வருகிறது என்றால் ஒரு பக்கம் 0.9 மில்லிமீட்டர் வரை குறையும், குறுக்கே 0.4தான் குறையும். பலகையில் கடைந்திருந்தால் நார் ஓடும் பக்கம் அப்படியே நிற்கும், குறுக்குப் பக்கம் மட்டும் வாங்கும். எப்படிக் கடைந்தாலும் வட்டம் முட்டை வடிவமாகிவிடும். உள்ளே டிரைவர், அதாவது ஓசை எழுப்பும் சின்ன ஸ்பீக்கர், உட்காரும் பிளாஸ்டிக் தட்டோ ஒரு இம்மிகூடச் சுருங்காது. மரம் அதை இறுக்கிப் பிடிக்கும். அதற்கு மேல் பிடிக்க முடியாதபோது எங்கே மெலிவோ அங்கே விடும். திருகுத் துளைதான் மெலிந்த இடம்.

என் ஆறு ஜோடியில் ஒன்று பெங்களூருக்குப் போனது. மூன்று மாதம் கழித்து, "இடது காதில் பேஸ் வரவில்லை" என்று திரும்பி வந்தது. டிரைவர்தான் கெட்டது என்று நினைத்துப் புதுசு வாங்கிப் போட்டேன். அதே குறை. கம்பியை மாற்றினேன், அதே குறை. ஒரு நாள் இரவு கரண்டு இல்லாத நேரத்தில், கழற்றிய கப்புக்குள் டார்ச்சை வைத்துக் கையால் மூடிப் பார்த்தபோது, வெளிப்பக்கம் நூல் மாதிரி ஒரு வெளிச்சக் கோடு தெரிந்தது. பூச்சுக்கு அடியில் விட்டிருந்த வெடிப்பு, பகலில் கண்ணுக்கே படவில்லை. மூடிய கப்பில் அவ்வளவு சின்னக் கசிவு போதும், கீழ்சுரம் ஓடிவிடும். அன்றிலிருந்து வரும் ஒவ்வொரு ஜோடிக்கும் முதல் சோதனை டார்ச்சுதான்.

சரி, என்ன செய்ய வேண்டும்?

முதலில், மரத்தைக் கேட்காமல் மில்காரரைக் கேட்பதை நிறுத்துங்கள். அதே கட்டையிலிருந்து ஒரு சின்னத் துண்டை வெட்டி எடை போடுங்கள். சமையலறை ஓவனில் நூறு டிகிரிக்குச் சற்று மேலே வைத்து, எடை இனிக் குறையவில்லை என்ற நிலை வரும்வரை காய வையுங்கள். 46 கிராம் துண்டு 40 கிராமுக்கு வந்து நின்றால், போன 6 கிராமை 40ஆல் வகுத்தால் 15 சதவீத ஈரம். முள் குத்தும் ஈரமானியும் வாங்கலாம், ஆனால் அது பெரும்பாலும் மேல் தோலைத்தான் சொல்லும். தடித்த கட்டையின் வயிற்றைச் சொல்லாது. வாங்கினால், கட்டையைக் குறுக்கே அறுத்து, அறுத்த முகத்தின் நடுவில் குத்திப் பாருங்கள்.

அடுத்து, ஒரே மூச்சில் கடைந்து முடிக்காதீர்கள். சுவர் 12 மில்லிமீட்டர் இருக்கும்படி முரட்டாகக் கடைந்து, தறி முகம் தெரியும் இடங்களில் மெழுகு தடவி வைத்துவிடுங்கள். கப்பின் அடியில் பென்சிலால் தேதியும் எடையும் எழுதுங்கள். வாரம் ஒருமுறை எடை போட்டு அதற்குக் கீழேயே எழுதுங்கள். என்னிடம் இப்போது அலமாரியில் இருக்கும் ஒரு கப்பின் அடியில் 118, 115, 113, 112, 112, 112 என்று ஒரு வரிசை இருக்கிறது. இனி அதை மீண்டும் லேத்தில் ஏற்றிச் சுவரை மெலிக்கலாம்.

இங்கேதான் எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டாம் முறை ஏமாறுகிறார்கள். ஆடியில் எடை நிலைத்துவிட்டது என்றால் அது சாரல் காற்றோடு சமமாகிவிட்டது என்றுதான் பொருள். காய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் ஓடாத பழைய ஃபிரிட்ஜ் ஒன்றை வைத்திருக்கிறேன். உள்ளே நாற்பது வாட் குண்டு பல்பு, ஒரு ஈரப்பதமானி, மேலும் கீழும் காற்றுப் போக இரண்டு துளை. பல்பை எவ்வளவு நேரம் எரிய விடுவது என்பதை மானியைப் பார்த்து முடிவு செய்து, உள்ளே 50 சதவீதத்தை ஒட்டி வைத்திருக்கிறேன். அதற்குள் எடை நிலைத்தால்தான் கணக்கு. அவசரப்பட்டுக் கப்பையே வெயிலில் வைக்காதீர்கள், ஓவனில் வைக்காதீர்கள். மேல்தோல் முந்திச் சுருங்கி அங்கேயே கீறிவிடும்.

தட்டுக்கும் மரத்துக்கும் நடுவே சுற்றிலும் அரை மில்லிமீட்டருக்குக் குறையாமல் இடம் விடுங்கள். எபாக்ஸி போட்டு ஒட்டாதீர்கள். மெல்லிய நுரைப் பட்டை வைத்துத் திருகுங்கள், தட்டில் திருகுத் துளையைக் கொஞ்சம் நீளவாட்டில் வையுங்கள். மரம் அசைந்தால் அசையட்டும், காற்று மட்டும் கசியக் கூடாது.

"நாலு கோட்டு அடிச்சுட்டா ஈரம் போகாதே அண்ணே" என்று அந்தத் தம்பியும் கேட்டான். எந்தப் பூச்சும் ஈரத்தைத் தடுத்து நிறுத்தாது, போகிற வேகத்தைத்தான் குறைக்கும். அதிலும் எல்லோரும் வெளிப்பக்கம் நாலு கோட்டு அடித்துவிட்டு உள்பக்கத்தை வெறும் மரமாக விடுகிறார்கள். ஒரு பக்கம் வேகமாகவும் ஒரு பக்கம் மெதுவாகவும் ஈரம் போனால் கப்பு முறுக்கிக்கொள்ளும். உள்ளே யாரும் பார்க்கப் போவதில்லை என்றாலும் அங்கேயும் இரண்டு கோட்டு சீலர் அடியுங்கள்.

குருத்து (தண்டின் நட்டநடு மையம்) உள்ள கட்டை

வேண்டாம். விலை பாதி என்றாலும் வேண்டாம்.

ஈட்டி மரத்தின் மேல் நேராக எண்ணெய் பூசுவது

ஈட்டியின் கறுப்புக் கோடுகளைப் பார்த்ததும் எல்லோருக்கும் ஆளி விதை எண்ணெய் தேய்க்கத் தோன்றும். முதல் நாள் அற்புதமாக இருக்கும். பத்து நாள் கழித்தும் விரல் ஒட்டும். மரத்துக்குள் இருக்கும் சாரமே எண்ணெயைக் காயவிடாமல் தடுக்கிறது. முதலில் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு ஒரு கோட்டு கொடுத்துக் காய்ந்தபின் எண்ணெயோ வார்னிஷோ போடுங்கள். தேக்குக்குக் கவலை வேறு: அதிலேயே எண்ணெய்ப் பசை உண்டு, லாக்கர் சரியாகப் பிடிக்காது. பூசுவதற்குச் சற்று முன், லாக்கரைக் கரைக்கும் டின்னரில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். முந்தின நாள் துடைத்தால் பயனில்லை, மறுபடி மேலே வந்துவிடும். ஈட்டித் தூளுக்கு முகமூடி கட்டாயம். சிலருக்கு ஒரே வாரத்தில் தோல் தடிக்கும்.

சாரலில் லாக்கர் அடிப்பது

பூச்சு பால் மாதிரி வெளுக்கும். டின்னர் ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அங்கே படிவதால் வருவது இது. மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் டின்னர் கொஞ்சம் கலந்து மேலே ஒரு கோட்டு அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். அடிக்காமல் நாலு நாள் பொறுத்தால் இன்னும் நல்லது.

ஸ்டீல் உல்

பட்டறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள் என்று சொல்வேன். கடைசி மெருகுக்கு இழை இழையாக இரும்பு நாரைத் தேய்க்கிறார்கள். ஹெட்போன் டிரைவருக்குள் ஒரு காந்தம் இருக்கிறது. துளையில் ஒளிந்திருந்த ஒரு இரும்பு இழை போதும், அது காந்தத்தைத் தேடிப்போய்ச் சுருளுக்கும் காந்தத்துக்கும் நடுவே உட்கார்ந்து கரகரக்கும். அதை எடுக்க முடியாது, டிரைவரைத்தான் மாற்ற வேண்டும். நைலான் நார் அட்டையோ ஆயிரம் நம்பர் உப்புத்தாளோ அதே வேலையைச் செய்யும்.

டிரைவரைக் கழற்றாமல் பாலிஷ்

கழற்றுங்கள்.

ஆழத்தைக் கண்ணளவில் விடுவது

1989இல் சோனி எம்டிஆர்-ஆர்10 என்ற ஹெட்போனை ஜெல்கோவா மரக் கப்போடு கொண்டுவந்தது. அதிலிருந்து மரம் போட்டாலே ஓசை இனிக்கும் என்று ஒரு நம்பிக்கை. கப்புக்குள் எவ்வளவு காற்று அடைபடுகிறது, உள்ளே எவ்வளவு பஞ்சு, காதுமெத்தை எப்படி என்பதுதான் பெரிய பங்கு. இடது கப்பு வலதை விட மூன்று மில்லிமீட்டர் ஆழம் என்றால் இரண்டு காதும் இரண்டு விதமாகக் கேட்கும். இரண்டு கப்பிலும் அரிசி நிரப்பி, அந்த அரிசியை எடை போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

செம்மரம்

ஆந்திரப் பக்கத்திலிருந்து துண்டு கிடைக்கும் என்று யாராவது சொன்னால், வனத்துறைக் காகிதம் எங்கே என்று கேளுங்கள். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் 1995 முதல் உள்ள மரம் அது. காகிதம் இல்லையென்றால் கையால் தொடக்கூட வேண்டாம்.

எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடுவது

ஆளி விதை எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல், யாரும் பற்ற வைக்காமலே தீப்பிடிக்கும். வேலை முடிந்ததும் துணியைத் தண்ணீரில் முக்கி, பட்டறைக்கு வெளியே கொடியில் ஒற்றை மடிப்பாக விரித்துப் போடுங்கள். விறைத்துக் காய்ந்த பிறகே குப்பைக்குப் போகட்டும்.