ஊரே வாக்காளர் இடாப்பில் சேர

சனசமூக நிலையத்தில் கூட்டம் வைத்து "எல்லாரும் பதியுங்கோ" என்று சொன்னால் மட்டும் போதாது. ஒழுங்கைக்கு ஒரு இளைஞர் பொறுப்பெடுத்து வீடு வீடாகப் போகவேண்டும். இலங்கைத் தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்தால், பெயர் இருக்கிறதா என்று படலையடியிலேயே பார்த்துவிடலாம். இல்லையென்றால் கிராம அலுவலரிடம் போகச் சொல்லுங்கள். வயதானவர் என்றால் கூடவே போங்கள். கலியாணமாகி ஊர் மாறி வந்தவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள், இவர்களின் பெயர்தான் எளிதில் விடுபடும். முதலில் அவர்களைக் கேளுங்கள்.

பெப்ரவரி 1க்குப் பிறகு 18 வயதாகிறவர்கள் அடுத்த வருட இடாப்பு மீளாய்வுவரை காத்திருக்கத் தேவையில்லை. 2021 வாக்காளர் பதிவுத் திருத்தச் சட்டப்படி, வருடத்தின் இடையில் 18 வயதாகிறவர்களுக்கான துணை இடாப்பில் சேரலாம். ஏ.எல். படிக்கிற பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள், பலருக்குத் தெரியாது.