ஒரே இன்டர்செப்டர், மூன்று அணைகள்: ஸ்ட்ரட்ஸ் 2-இல் அளவுருக்களைத் தருவது எப்படி?

மழைக்காலம் வந்துவிட்டால் நெல்லைச் சீமையில் செய்தித்தாளை விரித்ததும் பலரும் தேடுவது அணைகளின் நீர்மட்டத்தை. பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி என்ற உச்ச அளவுகள் இங்கே பலருக்கு மனப்பாடம். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அந்த எண்களை யாரும் மேலோட்டமாகப் படித்துவிட்டுப் போவதில்லை. எனவே ஜாவா வலைச்செயலி பழகும் நம் ஊர் மாணவர்களுக்கு இந்த எண்களையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

ஸ்ட்ரட்ஸ் 2 என்ற ஜாவா வலைச்சட்டகத்தில் எழுதிய, தினசரி நீர்மட்டத்தைப் பதிவு செய்யும் ஒரு சிறிய செயலி நம்மிடம் இருக்கிறது. அணைக்கு ஒரு ஆக்‌ஷன். ஆக்‌ஷன் என்பது வரும் கோரிக்கைக்கு உரிய வேலையைச் செய்யும் பகுதி. பதியும் மட்டம் அணையின் உச்ச அளவைத் தாண்டினால் படிவத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். விதி ஒன்றுதான், எண்தான் மூன்று. இதற்கு மூன்று கிளாஸ் எழுதுவதும் வீண், ஒரே கிளாஸுக்குள் அணைப் பெயர்களை அடுக்கி ‘இஃப்’ போடுவதும் வீண். நாளை நான்காவது அணையைச் சேர்த்தால் மறுபடி நிரலைத் திறக்க வேண்டியிருக்கும். விதி கிளாஸில் இருக்கட்டும், எண் ஸ்ட்ரட்ஸ் எக்ஸ்எம்எல் கோப்பில் இருக்கட்டும்.

இன்டர்செப்டர் என்பது ஆக்‌ஷனுக்கு முன்னால் நிற்கும் கிளாஸ். பாபநாசத்திலிருந்து காரையாறு போகும் வழியில் வனத்துறைச் சோதனைச் சாவடி வண்டியை நிறுத்திப் பார்ப்பது போல, வரும் கோரிக்கையை இது நிறுத்திப் பார்க்கும். விடலாம் என்றால் விடும், இல்லையென்றால் திருப்பிவிடும்.

இனி வரும் பெயர்களை ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கோப்பில் ஆங்கில எழுத்தில் இடுங்கள்.

படி 1: கிளாஸ்

‘அப்ஸ்ட்ராக்ட் இன்டர்செப்டர்’ கிளாஸிலிருந்து ‘மட்டக்காவல்’ என்ற கிளாஸை உருவாக்குங்கள். அதில் ‘உச்சம்’ என்று ஒரு முழுஎண் புலம், அதற்கு ஒரு செட்டர் மெத்தட். அளவுரு உள்ளே நுழையும் வாசல் அந்தச் செட்டர்தான்.

‘இன்டர்செப்ட்’ மெத்தடில் வேலை மிகக் குறைவு. அதற்கு ஸ்ட்ரட்ஸ் தரும் பொருள் இன்வொகேஷன், கோரிக்கையின் ஓட்டம் அதன் கையில். இன்வொகேஷனிடம் ஆக்‌ஷனைக் கேட்டு வாங்கி, அதன் நீர்மட்டத்தை உச்சத்தோடு ஒப்பிடுங்கள். தாண்டினால் பிழைச் செய்தியைச் சேர்த்து ‘இன்புட்’ என்ற சொல்லைத் திருப்பித் தாருங்கள். தாண்டாவிட்டால் இன்வொகேஷனின் ‘இன்வோக்’ மெத்தடை அழையுங்கள். ‘இன்புட்’ என்ற பெயரில் ஒவ்வொரு ஆக்‌ஷனிலும் ஒரு ரிசல்ட், அதாவது அடுத்து எந்தப் பக்கம் என்ற குறிப்பு, இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

படி 2: பதிவும் இயல்பு மதிப்பும்

எக்ஸ்எம்எல் கோப்பில் ‘இன்டர்செப்டர்ஸ்’ பகுதிக்குள் நம் கிளாஸை ‘மட்டக்காவல்’ என்ற பெயரிலேயே பதிவு செய்து, அந்த டேகுக்குள்ளேயே ‘பாராம்’ டேக் ஒன்றை வையுங்கள். அதன் பெயர் உச்சம், மதிப்பு 143. வேறு எங்கும் எதுவும் சொல்லாவிட்டால் இந்த 143தான் செல்லும்.

இந்த எண் போகும் வழியைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். கோப்பில் இருப்பது 1, 4, 3 என்ற மூன்று எழுத்துகள் மட்டுமே. செயலி எழும்போது ஸ்ட்ரட்ஸ் நம் கிளாஸிலிருந்து ஒரு பொருளை உருவாக்குகிறது. பாராமின் பெயருக்கு முன்னால் ‘செட்’ சேர்த்து, முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கி, அந்தப் பெயரில் ஒரு மெத்தட் இருக்கிறதா என்று தேடுகிறது. இருந்தால் எழுத்துச்சரத்தை முழுஎண்ணாக மாற்றி உள்ளே தருகிறது. அதன்பிறகுதான் ‘இனிட்’ மெத்தட் ஓடும். ஆகவே இனிட் ஓடும்போது மதிப்பு கைக்கு வந்திருக்கும்.

பாராமின் பெயரில் ஒரு எழுத்து பிசகினால்? செயலி நிற்காது. லாகில் ஓர் எச்சரிக்கை விழலாம், அவ்வளவுதான். உச்சம் பூஜ்யமாகவே கிடக்கும். நீங்கள் எதைப் பதிந்தாலும் திரும்பி வரும். அதனால் இனிட் மெத்தடில் உச்சத்தின் மதிப்பை லாகில் எழுதும் ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். ஒற்றை வரிதான், பல மணி நேரத் தேடலை மிச்சப்படுத்தும்.

படி 3: ஸ்டாக்

ஸ்டாக் என்பது இன்டர்செப்டர்களை வரிசையாக அடுக்கிய தொகுப்பு. ‘அணைஸ்டாக்’ என்ற பெயரில் ஒன்றை அமையுங்கள். முதலில் ஸ்ட்ரட்ஸோடு வரும் ‘டிஃபால்ட்ஸ்டாக்’, அடுத்து மட்டக்காவல். இந்த வரிசை முக்கியம். படிவத்தில் வந்ததை ஆக்‌ஷனில் நிரப்புவதும், எண்ணுக்குப் பதில் எழுத்து வந்தால் தடுப்பதும் டிஃபால்ட்ஸ்டாக்கின் வேலை. அது முடிந்த பிறகுதான் நம் கிளாஸுக்கு ஒப்பிட ஒரு எண் கிடைக்கும்.

படி 4: ஆக்‌ஷனில் மாற்றுவது

பாபநாசம் ஆக்‌ஷனில் அணைஸ்டாக்கை வெறுமனே சுட்டினால் போதும், 143 தானே வந்துவிடும். மணிமுத்தாறு ஆக்‌ஷனில் ‘இன்டர்செப்டர்-ரெஃப்’ டேகால் அதே ஸ்டாக்கைச் சுட்டி, உள்ளே ஒரு பாராம் தர வேண்டும். ஆனால் இப்போது பெயர் உச்சம் என்று மட்டும் இருந்தால் போதாது. ஸ்டாக்கில் பல இன்டர்செப்டர்கள் இருப்பதால் எதற்கு என்று சொல்ல வேண்டும்: ‘மட்டக்காவல்.உச்சம்’, நடுவில் ஒரு புள்ளி. மதிப்பு 118. சேர்வலாற்றுக்கு அதே பெயரில் 156. சுட்டும் இடத்தில் தரும் மதிப்பு, பதிவில் உள்ள மதிப்பை வென்றுவிடும்.

புதியவர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ஆக்‌ஷனுக்குள் மட்டக்காவலை மட்டும் தனியாகச் சுட்டினால், அந்த ஆக்‌ஷனுக்கு டிஃபால்ட்ஸ்டாக் முழுவதும் இல்லாமல் போகும். படிவத்தின் எண் ஆக்‌ஷனை எட்டாது. நீர்மட்டம் பூஜ்யமாக இருக்கும். பூஜ்யம் எந்த உச்சத்தையும் தாண்டாது. பிழை ஒன்றும் காட்டாமல் அணை வறண்டுவிட்டதாகப் பதிவாகும். பிழை காட்டி நிற்கும் செயலியைவிட இது ஆபத்தானது.

இன்னொன்று: இந்த இன்டர்செப்டர் பொருள் கோரிக்கைக்கு ஒன்றாக உருவாவதில்லை. ஓர் அணையின் ஆக்‌ஷனுக்கு அமைந்த ஒரே பொருள், அதற்கு வரும் எல்லாக் கோரிக்கைகளுக்கும் பொதுவாக நிற்கும். உச்சம் போன்ற மாறாத மதிப்பைப் புலத்தில் வைக்கலாம். ஒருவர் பதிந்த நீர்மட்டத்தை வைக்கவே கூடாது, அடுத்தவருடையதோடு கலந்துவிடும்.

இதே சட்டகத்தின் புதிய பதிப்பான ஸ்ட்ரட்ஸ் 7-இல் பேக்கேஜ் பெயர்கள் மாறியிருக்கின்றன. இம்போர்ட் வரிகளை உங்கள் பதிப்புக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளுங்கள்.

படி 5: சோதனை

செயலியை மறுபடி தொடங்கி, லாகில் 143, 156, 118 மூன்றும் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு 120 என்று மணிமுத்தாறில் பதியுங்கள். திரும்பி வர வேண்டும். அதே 120 பாபநாசத்தில் ஏற்கப்பட வேண்டும். 150 பாபநாசத்தில் திரும்பி வர வேண்டும், சேர்வலாற்றில் ஏற்கப்பட வேண்டும். 120 மணிமுத்தாறிலும் ஏற்கப்பட்டால், பெரும்பாலும் அந்த ஆக்‌ஷனில் ‘மட்டக்காவல்.’ என்ற முன்பகுதி விடுபட்டிருக்கும். முதலில் அங்கே பாருங்கள்.