கிழிந்த ஜமக்காளமும் முக்கால் கிலோ மண்ணும்

பிறந்த ஊர் பவானி, வாழ்க்கைப்பட்ட ஊர் பல்லடம். அங்கே கைத்தறிச் சத்தம், இங்கே விசைத்தறிச் சத்தம். மாமனார் தறிகளை விற்ற பிறகு கொட்டகை நான்கு வருடம் சும்மா கிடந்தது. இப்போது அதில்தான் என் மண்வேலை நடக்கிறது. தறிக்காக வாங்கிய மும்முனை மின் இணைப்பு மின்சூளைக்கு அப்படியே உதவியது. நான் செய்வது பீங்கான் தட்டும் கோப்பையும். எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு துணியின் நெசவு பதிந்திருக்கும். எப்படிச் செய்வது என்று கேட்டு வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதிவைக்கிறேன்.

முதலில் துணி. புதிதாக வாங்காதீர்கள். நூறு முறை துவைத்துச் சிலும்பெல்லாம் உதிர்ந்த பழந்துணிதான் மண்ணில் தெளிவாகப் பதியும். என் கணக்கில் பவானி ஜமக்காளத்துக்கு நிகரில்லை. அதில் குறுக்கே ஓடும் தடித்த ஊடை நூல், நெடுக்கே ஓடும் பாவு நூலை மூடிக்கொண்டு வரும். வரப்பும் வாய்க்காலுமாக வரிகள் எழும்பி நிற்கும். 2005-06இல் புவிசார் குறியீடு பெற்ற துணி என்று ஊரில் பெருமையாகச் சொல்வோம். ஆனால் மண்ணுக்கு அதன் சிவப்பும் பச்சையும் தெரியாது, வரி மட்டும்தான் தெரியும். நெகமம் சேலை போன்ற மெல்லிய பருத்தி உடுத்த அழகு. மண்ணில் கண்ணாடிமேல் மூச்சுவிட்டதுபோல மங்கலாகத்தான் விழும். ஈரிழைத் துண்டு, சாக்கு, கட்டிலில் பின்னும் பருத்தி நாடா எல்லாம் நன்றாகப் பதியும். பாலியஸ்டர் ஈரத்தை உறிஞ்சாமல் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். அதைத் தூர வையுங்கள்.

மண்ணைப் பொறுத்தவரை, சாப்பிடப் பயன்படும் தட்டுக்கு ஸ்டோன்வேர் மண்தான் சரி; அதிகச் சூட்டில் சுட்டால் தண்ணீர் ஊறாதபடி கல்போல இறுகும் மண் அது. நான் புதுச்சேரியிலிருந்து பக்குவப்படுத்திய மண்ணாகவே வரவழைக்கிறேன். இருபத்திரண்டு சென்டிமீட்டர் அகலத் தட்டு ஒன்றுக்கு எழுநூறு கிராம் போதும். பூரிக்கு மாவு பிசைவதைவிடக் கொஞ்சம் பொறுமையாகப் பிசைந்து, தூண்டில் நரம்பால் குறுக்கே அறுத்துப் பாருங்கள். ஓட்டை எதுவும் தெரியாமல் போகும்வரை பிசைய வேண்டும்.

தச்சரிடம் ஆறு மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு ரீப்பர் சீவி வாங்கி, மண்ணுக்கு இரு புறமும் தண்டவாளம்போல வையுங்கள். அவற்றின் மேல் உருட்டினால் மண் எங்கும் ஒரே கனமாக வரும். சப்பாத்திக் கட்டை இதற்குப் பத்தாது. பிவிசி குழாயில் மணல் நிரப்பி இரு முனையும் அடைத்து வைத்திருக்கிறேன். அதன் எடையே பாதி வேலையைச் செய்துவிடும்.

பலகைபோல விரிந்த மண்மீது உலர்ந்த ஜமக்காளத் துண்டைப் போட்டு ஒரே ஒரு முறை, ஒரே திசையில், நெஞ்சைக் கொடுத்து உருட்டுங்கள். இன்னொரு முறை உருட்டலாமே என்று கை அரிக்கும். உருட்டினால் துணி மயிரிழை நகர்ந்து வரி இரட்டையாக விழும். எல்லாவற்றையும் மறுபடி பிசைய வேண்டியதுதான்.

துணியை உரிப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். துணியோடு மண்ணைத் தூக்காதீர்கள். மண் பலகையில் கிடக்கட்டும். துணியை மட்டும் ஒரு மூலையிலிருந்து, கிட்டத்தட்ட படுத்த வாக்கில், மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். ஈர மண்ணுக்கு ஞாபகம் அதிகம். ஒரு முறை வளைந்துவிட்டால், நீங்கள் நிமிர்த்தி வைத்தாலும் சூளைக்குள் போய்ப் பழையபடி வளைந்துகொள்ளும்.

முதல் தட்டைச் செய்த நாளில் அப்பா வந்திருந்தார். ஐம்பது வருடம் குழித்தறியில் உட்கார்ந்தவர். "என்ன கண்ணு, வறட்டி தட்டுகிறாயா?" என்றார். துணியை உரித்ததும் பக்கத்தில் வந்து குனிந்தார். கட்டைவிரல் நகத்தை மண்ணில் படாமல் காற்றிலேயே நகர்த்தி வரி வரியாக எண்ணிக்கொண்டே போனவர், ஓரிடத்தில் நிறுத்தினார். "இங்கே ஓர் ஊடை விட்டுப்போயிருக்கிறது. யார் நெய்தது?" துணியை மடியில் விரித்துத் தேடினோம். இருந்தது. வண்ணங்களுக்குள் ஒளிந்து எத்தனையோ வருடம் யார் கண்ணிலும் படாத பிசகு, மண்ணில் நிறமில்லாமல் அம்மணமாகத் தெரிந்துவிட்டது. அதிலிருந்து நான் கத்தரிக்கோலோடு துணிப்பெட்டியைக் குடையும்போது தேடுவதே இழை அறுந்த இடம், ஒட்டுப்போட்ட இடம், எலி கடித்த ஓரம் ஆகியவற்றைத்தான். பழுதில்லாத துணி எனக்குச் சலிப்பு.

பதிந்த மண்ணை வட்டமாக வெட்டி, மெல்லிய வேட்டித் துணி விரித்த எவர்சில்வர் தட்டுக்குள் இறக்குங்கள். விரலால் அழுத்தினால் வரி நசுங்கும். கொஞ்சம் மணலைத் துணியில் பொட்டலமாகக் கட்டி அதனால் ஒற்றுங்கள். ஒரு எச்சரிக்கை: உள்பக்கம் நெசவு பதிந்த தட்டில் சாம்பார் ஊற்றினால் வரிக்கு வரி பருப்பு உட்கார்ந்துகொள்ளும். கழுவுகிறவர் உங்களைத் திட்டுவார். அது முறுக்குக்கும் நிலக்கடலைக்கும் உரிய தட்டு. கோப்பையென்றால் நெசவு வெளிப்பக்கம் மட்டும் இருக்கட்டும்.

கோப்பைக்கு இருபத்தாறு சென்டிமீட்டர் நீளம், பதினொன்று உயரமுள்ள பட்டை போதும். காகிதம் சுற்றிய டம்ளர்மேல் அதைச் சுற்றி, சேரும் இரண்டு ஓரங்களையும் முள்கரண்டியால் கீறி, அதே மண்ணைக் கரைத்த குழம்பு தடவி ஒட்டுங்கள். பட்டை இறுகியதும் டம்ளரை உருவிவிடுங்கள், காய்ந்து சுருங்கினால் வெடிக்கும். அடிக்கு ஒரு வட்டத்தை வெட்டி இதேபோல ஒட்டுங்கள். பக்கவாட்டு இணைப்பை மறைக்க நான் முயல்வதில்லை. தையற்காரர் பயன்படுத்தும் பல்சக்கரத்தை அதன்மேல் ஓட்டினால் தையல் போட்டதுபோலப் புள்ளி வரிசை விழும்; சட்டையின் பக்கத் தையல்போல ஆகிவிடும்.

விளையாட்டு இங்கேதான் தொடங்குகிறது. திருப்பூர் பக்கத்தில் இருந்துகொண்டு பனியனை விட்டுவிட முடியுமா? கோப்பையின் வாய்க்குக் கீழே, உள்பக்கமாக, விரல் நகமளவு மண்துண்டு ஒட்டி, எண் அச்சால் 85 என்று குத்துகிறேன். பெரிய கோப்பைக்கு 95. காபியைக் குடித்து முடிக்கும்போது பனியன் லேபிள் கண்ணில் படும். சிரிக்காதவர்களை நான் பார்த்ததில்லை. நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணலில் தோண்டியெடுத்த பழங்காலப் பானை ஓடுகளில், தமிழி என்னும் பழைய தமிழ் எழுத்தில் ஆட்பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. நொய்யல் கரைக்காரர்கள் பாத்திரத்தில் எழுதுவது புதுப் பழக்கம் இல்லை.

எல்லா விளையாட்டும் கைகொடுக்காது. மூன்று புரிச் சடைபோலக் கைப்பிடி பின்னினேன். பார்க்க அவ்வளவு அழகு. பிடித்தால் விரலை அறுத்தது. அந்த ஆறு கோப்பைகளும் இன்றைக்கு வாசலில் கற்றாழை வளர்க்கின்றன.

இனி காய்தல். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று இந்தப் பக்கம் காற்றாலைகளுக்கு வரம், மண்ணுக்குச் சாபம். விளிம்பு முதலில் காய்ந்து சுருங்கும், நடு ஈரமாகவே இருக்கும், தட்டு அப்பளம்போல மேலே தூக்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் அரிசிப் பையால் மூடி, காற்றுப் புகாத மூலையில் வைத்து, இரண்டு நாளுக்கொரு முறை திருப்பிப் போடுங்கள். ஆடியில் பத்து நாள், மற்ற மாதங்களில் ஏழு. காய்ந்ததா என்று அறியக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் மிச்சம் இருக்கிறது. சூளைக்குள் பாத்திரம் வெடித்தால் காற்றுக்குமிழியைக் குற்றம் சொல்வார்கள். பெரும்பாலும் குற்றவாளி இந்த ஈரம்தான். அது நீராவியாகி வழி தேடும்போது சுவரை உடைக்கிறது.

அதனால் முதல் சூட்டில் இரவு முழுவதும் எண்பது, தொண்ணூறு டிகிரியிலேயே விடுங்கள். பிறகு மணிக்கு அறுபது டிகிரி வீதம் 600 வரை. 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று விரியும், அந்த இடத்தில் அவசரம் ஆகாது. அதற்கப்புறம் வேகமாக ஏற்றி 980இல் நிறுத்தலாம்.

முதல் சூடு கண்ட பாத்திரத்துக்கு நிறம். தொடக்கத்தில் நான் ஜமக்காளத்தின் சிவப்பு, பச்சை, கறுப்புப் பட்டைகளை அப்படியே தீட்டினேன். கட்சி மாநாட்டுத் தோரணம்போல இருந்தது. இப்போது இரும்பு ஆக்சைடைத் தண்ணீரில் கரைத்து எங்கும் பூசி, ஈர ஸ்பாஞ்சால் மேலாகத் துடைக்கிறேன். மேடு வெளுக்கும், பள்ளத்தில் பழுப்பு தங்கும்; நெசவு தானாக எழுந்து வரும். கோலத்துக்கு வாங்கும் காவியைப் பயன்படுத்தாதீர்கள், அதில் என்னென்ன கலந்திருக்கிறதோ. அடுத்தது மெருகு, அதாவது சூட்டில் உருகிக் கண்ணாடிபோலப் படியும் பூச்சு. அடியில் அது ஒட்டாதபடி மெழுகு தடவிவிட்டு, ஈயம் கலக்காத பால்வெள்ளை மெருகுக் குழம்பில் மூன்று எண்ணும் நேரம் முக்கி எடுங்கள். ஐந்து எண்ணினால் மெருகு தடித்து வரிகளை மூடிவிடும். அப்புறம் எதற்கு ஜமக்காளம்? இரண்டாம் சூடு 1220 டிகிரி. சூளை நூறுக்குக் கீழே இறங்கும்வரை கதவில் கை வைக்காதீர்கள். நான் ஒரு முறை 250இல் திறந்தேன். 'டிங்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இரண்டாகப் பிளந்த அந்தத் தட்டில் இப்போது ஸ்குரூ போட்டுவைக்கிறோம்.

சூளை இல்லாதவர்கள் மண்பாண்டம் செய்பவரிடம் கேட்டு அவருடைய மண்ணிலேயே செய்து, அவர் சூளையில் ஓரமாக வைத்துச் சுட்டுக்கொள்ளலாம். மார்கழியில் போய் நிற்காதீர்கள். பொங்கல் பானை வேலையில் பேசக்கூட நேரமிருக்காது. அந்தச் சூட்டில் மெருகு ஏறாது. பூச்செடித் தொட்டிக்கும் விளக்குத் தட்டுக்கும் அதுவே போதும்.

வெளியே எடுத்ததும் அடியை ஈரமான எமரித் தாளால் தேயுங்கள், இல்லாவிட்டால் மேசை கீறும். கோப்பையில் தண்ணீர் நிரப்பிப் பழைய நாளிதழ்மேல் ஓர் இரவு வையுங்கள். காலையில் தாள் நனைந்திருந்தால் அது பேனா வைக்கும் கோப்பை. நனையாவிட்டால் காபி போடுங்கள்.