ஒலிம்பியாட் கணக்கு: கல்லட்டி வளைவில் முதல் பாடம்

ஊட்டியில் என்னிடம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகள் கணித ஒலிம்பியாட் போட்டித் தேர்வு என்றதும் கேட்பது, "எந்தப் புத்தகம் வாங்கணும் சார்?" என்றுதான். புத்தகம் அப்புறம் வாங்கலாம். முதலில் ஒரே ஒரு கணக்கோடு அரை மணி நேரம் உட்காரப் பழகுங்கள்.

தேர்வுகள் பற்றிச் சுருக்கமாக: 5, 6ஆம் வகுப்பிலேயே தொடங்க, சென்னையிலுள்ள இந்தியக் கணித ஆசிரியர் சங்கத்தின் என்.எம்.டி.சி. என்ற கணிதத் திறன் போட்டி இருக்கிறது. 8ஆம் வகுப்பிலிருந்து ஒலிம்பியாடின் முதல் கட்டத் தகுதித் தேர்வான ஐ.ஓ.க்யூ.எம். எழுதலாம், 3 மணி நேரம், 30 கேள்வி, 100 மதிப்பெண், விடை எல்லாமே 0 முதல் 99 வரை ஒரு முழு எண், தப்பானால் மதிப்பெண் கழிப்பதில்லை. அதைத் தாண்டினால் மண்டல அளவில் ஆர்.எம்.ஓ., அப்புறம் தேசிய அளவில் ஐ.என்.எம்.ஓ. அங்கே நிரூபணம் எழுத வேண்டும்.

சரி, நோட்டை எடுங்கள்.

மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறினால் 36 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. அந்த 36 எண்களில் இஷ்டத்துக்குச் சிலவற்றை எடுக்கிறோம். எப்படி எடுத்தாலும் 7, 8 மாதிரி அடுத்தடுத்த இரண்டு எண் சிக்கியே தீர வேண்டும் என்றால், குறைந்தது எத்தனை எடுக்க வேண்டும்?

36 மலைப்பாக இருந்தால் வெறும் 6 வளைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1, 3, 5 எடுத்தால் ஜோடி விழவில்லை. நான்கு எடுத்துப் பாருங்கள், எப்படி மாற்றினாலும் விழுந்துவிடும். ஏனென்றால் (1,2), (3,4), (5,6) என்று இருப்பது மூன்றே டப்பா. நான்கு எண்ணைப் போட்டால் ஏதோ ஒரு டப்பாவில் இரண்டு விழத்தானே வேண்டும்! இதுதான் புறாக்கூண்டுக் கொள்கை. பெயரை மனப்பாடம் செய்வதைவிட, நீங்களே டப்பா போட்டுப் பார்த்த அந்த நிமிஷம்தான் கையோடு வரும்.

36க்கு 18 டப்பா, ஆகவே விடை 19. இங்கேயே பலர் பேனாவை மூடிவிடுகிறார்கள். 19 போதும் என்று காட்டினோம். 18 போதாது என்று காட்டினோமா? 1, 3, 5 என்று 35 வரை ஒற்றை எண்களை மட்டும் எடுங்கள், மொத்தம் 18, ஒரு ஜோடிகூட இல்லை. ஐ.ஓ.க்யூ.எம்.மில் விடை மட்டும் போதும் என்பதால் இந்த வரி இல்லாமலே தப்பித்துவிடலாம், ஆர்.எம்.ஓ.வில் முடியாது. அதனால் இன்றைக்கே எழுதிப் பழகுங்கள்.

இப்படித் தினமும் ஒன்று. முட்டிக்கொண்டு நின்றால் விடையைப் புரட்டாமல் மறுநாள் திரும்ப எடுங்கள். பழைய வினாத்தாள்கள் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

நாளைக்கான கணக்கு: அதே 36 எண்கள், ஆனால் வித்தியாசம் சரியாக 4 வரும் ஜோடி சிக்க வேண்டும். டப்பாவை வேறு மாதிரி பிரிக்க வேண்டியிருக்கும், விடையும் 19 இல்லை.