கனடா பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது குழந்தை பிறந்தால்

குழந்தையின் பாஸ்போர்ட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பிறப்புச் சான்றிதழ் கையில் வந்ததும், விண்ணப்ப எண், யு.சி.ஐ. எண்ணோடு (குடியேற்றத் துறை உங்களுக்குத் தந்த அடையாள எண்) ஐ.ஆர்.சி.சி. எனும் கனடா குடியேற்றத் துறையின் இணையதள வெப்ஃபார்மில் தெரிவித்துவிடுங்கள். சான்றிதழில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா பாருங்கள். பெயரில்லாத சான்றிதழை வைத்து பாஸ்போர்ட் எடுக்கப் போனால் அங்கேயே சிக்கும். பிறகு திருத்திய படிவங்கள், குழந்தைக்கான கட்டணம், மருத்துவப் பரிசோதனை எல்லாம் கேட்பார்கள். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் (திறன்மிக்க தொழிலாளர்களுக்கான பி.ஆர். வழி) நிதி காட்ட வேண்டியவர்களுக்குக் குடும்ப எண்ணிக்கை கூடுவதால் காட்டவேண்டிய தொகையும் கூடும்.

குழந்தை இப்போது உடன் வராவிட்டாலும் அறிவிப்பும் பரிசோதனையும் கட்டாயம். மறைத்தால், பிற்பாடு அதே குழந்தையை ஸ்பான்சர் செய்ய கனடா குடியேற்ற விதிமுறைகளின் 117(9)(டி) பிரிவு குறுக்கே நிற்கும். விசா வந்தபின், தரையிறங்கும் முன் பிறந்தாலும் இதேதான்: தெரிவிக்காமல் விமானம் ஏறாதீர்கள்.